மலையில் மூச்சை அடக்காதே

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
14-7-1974

அன்பு மகன் விக்டருக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி அல்போன்சாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய். உன் சுகத்தை இனிமேல் செல்வதுரை எழுதினால்தான் நம்புவேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுவாள், இந்தத் தடவை நானே எழுதுகிறேன், வரி கோணிக்கொண்டுதான் போகும், பொறுத்துப் படி.

உன்னோடு பட்டாளத்து லாரிப் பட்டறையில் இருக்கிற அந்த நாசரேத்துப் பையன் செல்வதுரையின் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது. விமானத்தில் வடக்கே கொண்டுபோய் லே மலையில் இறக்கியதும் ஒரு வாரம் கட்டிலை விட்டு அதிகம் அசையக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொன்னார்களாமே. நீ இரண்டாம் நாளே எழுந்து போய் லாரி டயரைக் கழற்றி மாட்டினாயாம், நான் முத்துக்குளிக்கிறவன் மகன், எனக்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை என்று எல்லாரிடமும் பெருமை பேசினாயாம். பிறகு தலைவலி, வாந்தி, தூக்கமில்லை. அதையெல்லாம் மறைத்து ஒரு மாதம் ஓட்டி, ஜூன் மாதம் லாரிக்குப் பின்னால் மயங்கி விழுந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்த உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். கீழே கொண்டுபோய்ப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் போட்டிருந்து, பிறகு மறுபடியும் லேக்கே அனுப்பினார்களாம். அந்தப் பத்து நாளில் நீ எங்களுக்கு எழுதிய கார்டு இதோ முன்னால் இருக்கிறது. குளிர் கொஞ்சம் அதிகம், மற்றபடி நலம் என்று எழுதியிருக்கிறாய். பெற்றவர்களிடம் இப்படிப் புளுக உனக்கு எப்படி மனசு வந்தது?

ஆனால் உன்னை மட்டும் திட்டி நான் தப்பிக்க முடியாது. லாரிக்குப் பின்னால் போய் நின்று நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்றும் செல்வதுரை எழுதியிருக்கிறான். மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டிருந்தாயாம், அப்பா சொன்னார் என்றாயாம். அப்பா சொன்னது உண்மைதான். மே மாதம் தலை வலிக்கிறது என்று நீ ஒரு வரி எழுதினாய். நான் பெரிய வைத்தியன் மாதிரி, தினமும் மூச்சடக்கிப் பழகு, எல்லாம் சரியாகிவிடும், ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று பேரைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எழுதச் சொன்னேன். கடலில் இறங்குகிறவன் மேலே இருக்கும்போது நெஞ்சு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டுதான் இறங்குகிறான். அங்கே காற்றே பாதிதான் என்று டாக்டர் சொன்னாராமே, இல்லாத காற்றை நீ எங்கே அடக்குவாய்? இது தெரியாமல் கடிதம் எழுதிய என் கையை என்ன செய்வது? உன் அம்மா என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் பார்சல் கட்டியிருக்கிறாள், நம்ம மாதா பனிமய மாதா, பனியில் பிள்ளையைக் கைவிட மாட்டாள் என்று கல்லுக்கும் சுவருக்கும் சொல்லுகிறாள். மாதா காப்பாற்றுவாள், சரி, நீயும் வாயைத் திறக்க வேண்டாமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் முதல் தேதி இன்னும் உயரத்தில் இருக்கிற முகாமுக்கு உன்னை அனுப்பப் போகிறார்களாம். டாக்டர் கேட்டபோது தலைவலி இல்லை என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். நேற்று தபாலாபீசுக்குப் போய் லேக்கு டிரங்க் கால் போட முடியுமா என்று கேட்டேன், அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளை சிரித்தான். டாக்டரிடம் உண்மையைச் சொல் என்று தந்தி கொடுத்தேன், அதற்கும் சிரித்தான். தந்தி முந்தி வந்திருக்கும். ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஐம்பத்தைந்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது உனக்கு மூன்று வயது. வள்ளம் நிறையச் சிப்பி கொண்டுவந்த கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். முதல் நாள் கதையை உன்னிடம் சொன்னதே இல்லை. பல வருஷம் கழித்து நடந்த குளிப்பு, முதல் நாள் ஆழம் போக வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்காமல் எட்டுப் பாகத்தில், எட்டு ஆள் ஆழத்தில் இறங்கினேன். காது இடித்தது, கண் இருண்டது. இடுப்புக் கயிற்றை ஆட்டினால் மேலே தூக்கிவிடுவார்கள். கயிறு பிடித்திருந்தது உன் கயத்தான் மாமா. ஆனால் பக்கத்து வள்ளத்துக்காரன் சிரிப்பானே என்று நினைத்து ஆட்டாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் உன் முகம் ஞாபகம் வந்து ஆட்டினேன். மேலே வந்தபோது மூக்கில் ரத்தம். நினைத்த மாதிரியே சிரித்தார்கள். உன் மாமா மட்டும், “அத்தான், கயித்த ஆட்டுனீரே, அது போதும். இன்னைக்கு இங்கன இரியும்” என்றான். அன்று முழுவதும் வள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் இருபது வருஷம் அதை மூடி வைத்தேன். அதைச் சொல்லி வளர்த்திருந்தால் நீ லாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்க மாட்டாய்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். தலைவலி இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லு. போகாதே என்றால் போகாதே. போகலாம் என்றால் அவர் சொன்ன இடத்திலெல்லாம் தங்கித் தங்கிப் போ. வலி கூடினால் கீழே இறங்கு, வீம்புக்கு நிற்காதே. பட்டறையில் யாராவது சிரித்தால், என் அப்பாவும் ஒருநாள் வள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று சொல்லு, என் பேரையும் சேர்த்தே சொல்லு, எனக்கு வெட்கமில்லை.

இருபத்தாறாம் தேதி கோவில் கொடியேற்றம். உன் பெயரில் மெழுகுதிரி ஏற்றுவோம். தாயும் மகனுமாக மாதாவும் சேசுவும் உன்னைக் காப்பார்களாக. செல்வதுரையை நான் விசாரித்ததாகச் சொல்லு, அவன் மேல் கோபப்படாதே, அங்கே உன் கயிற்றைப் பிடித்திருக்கிறவன் அவன்தான்.

பதிலைப் பிறகு எழுது, முதலில் டாக்டரிடம் போ. என் மே மாதக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, இதை வைத்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
ச. மரியான்