பெயர் நீக்கிய எட்டுப் பாடல்கள்

அன்புள்ள ஒல்லிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிறவன் போனை எடுப்பான். நான் கூப்பிட்டால் மணியே போவதில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிகிறது. அதனால்தான் காகிதம். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. கோழி கிளறிய மாதிரி இருக்கும். சகித்துக்கொண்டு படி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. புதிதாக ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பராமரிப்பும் எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. போன வாரம் அதில் ஓர் அம்மாள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். கதவைத் திறக்கிறவரை உள்ளிருந்து என் பரம்பரையையே திட்டினார். திறந்ததும், "நீங்கதான் மெக்கானிக்கா? சின்னப் பையனா இருக்கீங்களே!" என்று ஓர் ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார்.

நாம் நாலு பேரும் போனில் பாட்டைப் பற்றிப் பேசுகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நீ இல்லாமலும் நடக்கிறது, நடக்கிறது என்று பெயர். இந்த முறை வாத்தியார் அனுப்பிய ஆல்பம். ஒரு மணி நேரம் முழுக்கத் தாள வாத்தியம், மருந்துக்கும் குரல் கிடையாது. கேட்டால், "யோவ், நாள் பூரா டியூஷன்ல என் குரலையே கேட்டுச் செத்துக்கிட்டு இருக்கேன். மனுஷக் குரலே இல்லாத ஆல்பம் எனக்குச் சொர்க்கம்யா" என்கிறார். டாக்டர் ஒரு புல்லாங்குழல் ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். கிளினிக்கில் பல் பிடுங்கும்போதெல்லாம் அதுதான் ஓடுகிறதாம். "வாயைத் திறந்து வெச்சிருக்கறவங்க கருத்துச் சொல்ல முடியாதுப்பா, அதான் வசதி" என்றார். நான் சிரித்தேன். அதற்கு மேல் நீதான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சீக்கிரமே போனை வைத்துவிட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

இந்தப் பெயர் நீக்குகிற விதியைக் கொண்டுவந்தது யார்? நானா? பாடியவர் பெயர் இருக்கக் கூடாது, அட்டைப்படம் இருக்கக் கூடாது, பாட்டுக்குத் தலைப்புக்கூட இல்லாமல் வெறும் எண்தான் இருக்க வேண்டும், மற்ற மூன்று பேரும் கருத்துச் சொன்ன பிறகுதான் யாரென்று உடைக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தவன் நீ. "பேரைப் பார்த்ததும் காது மூடிக்கும்டா" என்றாய். பத்து வருஷமாகப் பிடிக்காது என்று வாத்தியார் சொல்லிவந்த பாடகியை அவர் வாயாலேயே ஆகா ஓகோ என்று புகழவைத்து, நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோமே, அப்போது விதி இனித்தது. உனக்கு வந்தபோது மட்டும் கசக்கிறது.

உன் முறை வந்தபோது எட்டுப் பாட்டு அனுப்பினாய். கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. பாடுகிறவர் பெட்டிக்குள் உட்கார்ந்து பாடுகிறார் என்றேன். முதல் பாட்டில் ஒரு பாடகரைக் காப்பி அடிக்கிறார், மூன்றாவதில் இன்னொருவரை அடிக்கிறார், சொந்தமாக அடிக்க ஒன்றுமில்லை என்றேன். டாக்டர் இடையில், "கொஞ்சம் மெதுவா சொல்லுப்பா" என்றார். நான் மெதுவாகச் சொல்லவில்லை. கடைசியில் யார் இந்தப் புண்ணியவான் என்று கேட்டேன். "யாரோ புது ஆளு. விடு" என்றாய். விதிப்படி நீ பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாள் குழுவை விட்டே போய்விட்டாய்.

உன் அக்கா போன் செய்து கத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "என் தம்பிகிட்ட அப்படி என்னடா சொன்னீங்க? மூணு வருஷமா வேலை முடிஞ்சு வந்து, ரூம்ல ஆளுங்க இருக்காங்கன்னு, காருக்குள்ள கண்ணாடியை ஏத்திட்டு உட்கார்ந்து பாடிப் பாடிப் பதிவு பண்ணினான்டா!" என்றார். நான் அப்படியே மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் சொன்னால், அவருக்கு முன்பே சந்தேகமாம். அப்போதே சொல்லக் கூடாதா என்றேன். "நீ பேசற வேகத்துல எங்கப்பா குறுக்க வர்றது?" என்கிறார்.

நீ அக்காவிடம் சொன்னாயாமே, "திட்டினது பரவாயில்லக்கா, என் குரலைக்கூட அவனுக்குத் தெரியலை" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் நின்றுகொண்டே மொட்டைமாடி மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். ஒரே அறையில் நாலு வருஷம் குறட்டை விட்டவனின் குரல் தெரியவில்லை. ஆனால் கோபமும் வருகிறதுடா. நீ பாடுவாய் என்றே எனக்குத் தெரியாதே! குளியலறையில்கூட ஒரு முனகல் கேட்டதில்லை. உன் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன் என்று பயந்தாயா? சொல்லியிருக்க மாட்டேன். உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டாக, எதை எப்படிச் சரிசெய்யலாம் என்று பேசியிருப்பேன். யாரோ என்று நினைத்ததால்தான் சிரிப்புக்காகப் பேசினேன்.

எல்லாரும் அழித்துவிடுங்கள் என்று அக்கா வழியாகச் சொல்லி அனுப்பினாய். டாக்டர் அழித்துவிட்டார். வாத்தியாரும் அழித்துவிட்டு, அதை வேறு படம் எடுத்து அனுப்பினார், பரீட்சைத் தாள் திருத்திக் கொடுத்த மாதிரி. நீயும் உன் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டாயாம், தனித்தனியாகப் பதிவு செய்ததைக்கூட. மூன்று வருஷ உழைப்பை அழிக்கிறவன் ஒரு காப்பி எடுத்து வைக்க மாட்டானா? எவ்வளவு கோபம் இருந்தாலும் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்பது அடிப்படை. ஆக, உலகத்தில் மிச்சம் இருப்பது என் போனில் இருக்கிற ஒன்றுதான். நான் இன்னும் அழிக்கவில்லை.

அதற்குப் பதில் திரும்பக் கேட்டேன். பாவம் பார்த்துக் கேட்கவில்லை. நான் சொன்னது சரிதான் என்று எனக்கே நிரூபிப்பதற்காகக் கேட்டேன். முதல் பாட்டு இப்போதும் மோசம்தான். மூன்றாவது காப்பிதான். ஆறாவதில் தாளம் நொண்டுகிறது, காது இருக்கிற எவனும் அதைத்தான் சொல்வான்.

எட்டாவதை அன்று நான் ஒரே வரியில் தள்ளிவிட்டேன், பாடகர் களைத்துப்போய்விட்டார் என்று. இப்போது கேட்டால், ஆமாம், களைத்துப்போய்த்தான் பாடியிருக்கிறாய். இன்னொருவரைப் போலப் பாட உனக்குத் தெம்பில்லை. அதனால் நீயே பாடிவிட்டாய். ஷிஃப்ட் முடிந்து எனக்குப் போன் செய்து, "ஒண்ணுமில்லடா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்வாயே, அந்தக் குரல். நானும் சரி சும்மாதானே என்று, பாதியிலேயே ஆள் கூப்பிடுகிறான் என்று வைத்துவிடுவேனே, அந்தக் குரல். அந்த ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது. நட்புக்காகச் சொல்லவில்லை. எனக்கு அது வராது, உனக்குத் தெரியும். மற்ற ஏழு பாட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கிருந்து ஆரம்பி. அதை எவன் கடைசியில் வைப்பான்?

நண்பன் என்பதால் என் மனசு இளகிவிட்டது என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். எனக்கு விளக்கம் சொல்லப் பொறுமையில்லை.

பாட்டு உன்னுடையது. அழி என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, அழிக்காமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. அதுவும் தெரியும். ஆனால் அக்கா சொல்லி அழிக்க மாட்டேன், நீ எழுதி அனுப்பினாலும் அழிக்க மாட்டேன். தடுத்து வைத்திருப்பதை எடுத்துவிட்டு எனக்குப் போன் செய். நான் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தாலும் எடுப்பேன். உன் வாயால் அழி என்று ஒரு வார்த்தை சொல், அந்த நிமிஷமே அழித்துவிடுகிறேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. யார் பேசுவது என்று கேட்க மாட்டேன்.

அங்கே குளிர் அதிகம் என்று அக்கா சொன்னார். காருக்குள் உட்கார்ந்தால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் போனுக்காக,
ஸ்பேனர்