செல்லுக்கு ஆடி மாதம் தெரியாது

பாட்டனி,

போன வாரம் என் இடது மார்பில் ஊசி குத்தி எடுத்ததை, லேப்பில் ஒரு பெண் கண்ணாடி ஸ்லைடின் மேல் தேய்த்தாள். பக்கத்து மேசையில் ஏதோ சாயப் பாட்டில் திறந்திருந்தது. புளித்த, மூக்கைச் சுருக்க வைக்கும் அந்த நெடி மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு அது உன் புடவை வாசனை. பிள்ளைகளுக்குச் செல் பிரிதல் நடத்தும் நாள்களில் அந்த நெடியோடுதான் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவாய். கண்டக்டர் ஒருமுறை, "மேடம், ஊறுகா எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டதற்கு நீ முறைத்தாய், நான் சிரித்தேன். சிரிப்பதும் ஊர்க்கதை பேசுவதும்தானே என் வேலை, நடுநடுவே தமிழ்ப் பாடமும் எடுப்பேன்.

கம்பைநல்லூர்ப் பக்கத்து அந்தப் பள்ளியில் பெற்றோர் வைத்த பெயர் ஆசிரியர் அறைக்குள் செல்லாது. எடுக்கிற பாடம்தான் பெயர்: நீ பாட்டனி, நான் தமிழு. உன் லேப் ஜன்னலில் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம் உட்கார்ந்து தண்ணீருக்குள் வேரை விட்டிருக்கும். ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்த பசியில் நான் அதில் இரண்டைத் தூக்கி வந்து பொரியில் நறுக்கிப் போட்டேன். பாதிப் பொரியில் நீ வந்துவிட்டாய்.

"அடிப்பாவி, அது பிராக்டிகலுக்கு வெச்சதுடி. என் புள்ளைங்க இனிமே உன் வயித்தைத்தான் அறுத்துப் பாக்கணும்."

தண்டனையாக என்னை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாய். முதலில் எனக்குத் தெரிந்தது என் கண்ணிமை. பிறகு கட்டம் கட்டமாக அறைகள், ஒன்றின் நடுவில் சிவப்பு நூல்துண்டுகள்.

"நடுவுல வரிசையா நிக்குது பாரு. அதான் பாகம் பிரிக்கற நேரம்."

"பாகப் பிரிவினையா? அருவாளைக் காணோமே."

"நம்ம ஊரு பங்காளிங்க மாதிரி இல்லடி. பிரியறதுக்கு முன்னாடியே இருக்கறதை எல்லாம் அச்சு அசலா இன்னொரு நகல் எடுத்து வெச்சிக்கும். ரெண்டு பேருக்கும் முழுச் சொத்து. அதான் சண்டையே இல்ல."

"நகல் எடுக்கறப்ப தப்பு வந்தா?"

"நின்னு சரி பாக்கும். திருத்தப் பாக்கும். முடியலன்னா அதுவே செத்துப் போயிடும். அவ்வளவு மானமுள்ளது."

"மானம் கெட்டது ஒண்ணு வந்துட்டா?"

நீ என் பொரியில் ஒரு கை அள்ளிக்கொண்டே சொன்னாய்: "அது நிக்காது, சாகாது, பிரிஞ்சிகிட்டே கிடக்கும். மொதல்ல வரப்பை வெட்டும். அப்புறம் பக்கத்துக் காட்டுல ஏர் ஓட்டும். அப்புறம் கிளம்பி வேற ஊருக்கே போயி அங்கயும் குடிசை போட்டுக்கும்."

அந்தப் பங்காளிக் கதையை எத்தனை பட்டிமன்ற மேடையில் என் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா? நீ கேட்டிருந்தால் பாதிக் கைதட்டைத் தந்திருப்பேன்.

பிறகு ஒரு தை மாதத்தில் நீ கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாய். கேட்டால் வாயுப்பிடிப்பு என்றாய். ஹிஸ்டரி சாருக்கு எந்த ஊருக்கு மாறுதல், ஹெட்மாஸ்டர் வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சில்லை என்று எல்லாம் அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். பக்கத்து சீட்டுக்காரியின் புடவைக்குள் ஒரு கட்டி வளர்வது தெரியவில்லை. பிராக்டிகல் முடியட்டும் என்றிருந்திருக்கிறாய். அப்புறம் பேப்பர் திருத்தும் வேலை. அப்புறம் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். நீ ஆஸ்பத்திரிப் படி ஏறியபோது அது உன் எலும்பில் குடிசை போட்டிருந்தது.

கட்டிலில் படுத்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எனக்குத் தெரியாதா தமிழு? படம் போட்டு நடத்தினவ நான். புத்தகத்துல இருக்கறது வேற, என் உடம்புல இருக்கறது வேறன்னு நெனச்சிட்டேன்." அந்தக் கட்டிலிலிருந்து நீ எழுந்து வரவே இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ரிசல்ட் வந்துவிட்டது. கெட்டதுதான். ஆனால் சின்னது, இன்னும் வரப்பைத் தாண்டினதாகத் தெரியவில்லை. டாக்டரம்மா இதை இங்கிலீஷில் சொன்னார், நான் உன் பாஷையில் புரிந்துகொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஆப்ரேஷன் என்றார்.

வீட்டில் நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆடி வெள்ளியில கத்தி வெக்கறதாங்க அண்ணி? ஆடி முடியட்டும். ஆவணியில நல்ல நாளாப் பாத்துக்கலாம்." என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கொஞ்ச நாள்தானே" என்றார்.

அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் வாயிலும் அதே வார்த்தைதான் நின்றது. காரணம்தான் வேறு. அதே வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். இத்தனை வருஷமாக எதிரணியில் கடைசி ஆளாகக் கத்திக் கொண்டிருந்தவளை முதல்முறையாக நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடு நாற்காலி, தனி மைக், மணி அடிக்கும் அதிகாரம். பட்டுப்புடவை எடுத்து ரவிக்கையும் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. பட்டிமன்றம் முடியட்டும், அப்புறம் போகலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எழுதி முடித்தபோதுதான் அது உன் பிராக்டிகல் மாதிரியே இருப்பது உறைத்தது. எனக்குள் இருக்கிற பங்காளி காலண்டர் பார்க்கிறவன் இல்லை.

விழாக்குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். வரமுடியாது என்றேன்.

"என்னங்க டீச்சர், நோட்டீஸெல்லாம் அடிச்சாச்சு. ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?"

காய்ச்சல் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "மார்ல கட்டிங்க. கேன்சர். வெள்ளிக்கிழமை ஆப்ரேஷன்."

பின்னால் மைக் செட்காரர் ஹலோ, ஹலோ என்று சோதித்துக் கொண்டிருந்தார். போன் கட்டாகிவிட்டது. மரியாதை தெரியாத மனிதர் என்று நான் திட்டி முடிப்பதற்குள் அவரே திரும்பக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"மைக்குக்கிட்ட இருந்தேனுங்க, அதான் எதுத்தாப்ல வூட்டுக்குள்ள வந்துட்டேன். எங்க வூட்டுக்காரியும் மார்ல ஒரு கட்டி இருக்குதுன்னு சொல்லுவா. வலியே இல்லியாம். திருவிழா முடியட்டும்னு இருக்கறோமுங்க."

"எனக்கும் வலிக்கலீங்க. போனை அவங்ககிட்ட குடுங்க."

அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காப்பு கட்டியாச்சுங்களே டீச்சர், ஊரை வுட்டுப் போவலாமா?"

"வெளியூர்ல ராத்திரி தங்கினாத்தானே ஆகாது? காலையில வந்துட்டுப் பொழுதோட திரும்பிடலாம். லேடி டாக்டருதான். நான் பக்கத்துலயே இருக்கேன்."

மறுநாள் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா மஞ்சள் புடவையோடு வந்து இறங்கினார். டாக்டரம்மா பார்த்தார், ஊசி குத்தினார்கள், ஸ்லைடில் தேய்த்தார்கள். ரிசல்ட்டுக்கு இன்னும் சில நாள் ஆகும். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. என் வெள்ளிக்கிழமை எப்படிப் போகும் என்றும் தெரியாது. போவேன் என்பது மட்டும் தெரியும். நாத்தனாரிடம், ஆடி வெள்ளிக்கு அம்மன் ஆஸ்பத்திரியிலும் டியூட்டி பார்ப்பாள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் இருந்தவர் இன்று, ஆப்ரேஷனுக்குப் பிறகு கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள, எனக்காக நைட்டிக்கு முன்பக்கம் பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மாவை ஊரில் விட நானும் கூடவே பஸ் ஏறினேன். கூட்டத்தில் அவர் என் காதோரம் குனிந்து, "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்றார்.

"உங்களுதைச் சொல்ல மாட்டேன். என்னுதைச் சொல்லுவேன்" என்றேன். எனக்கு மெதுவாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "எதைங்க்கா?" என்றாள்.

படம் போட்டு நடத்தின ஒரு டீச்சர் எனக்கு சிநேகிதி என்று சொல்ல ஆரம்பித்தேன்.