மாதன் ஓடிப்போகவில்லை

என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிய தம்பி மாதா,

நீ செத்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. அந்த விடுதிப் பள்ளியில் நான் எழுத்து கற்கவில்லை. ஓசூர் பஸ் பலகைகளைப் பார்த்து நானாகக் கற்றதில்தான் இதை எழுதுகிறேன்.

நம் இருளர் பிள்ளைகளை அங்கே என்ன செய்தார்கள் என்று, ஒரு வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பேசவைத்து டேப்பில் பதிகிறேன். நம் பேச்சைப் பேசியதற்கு வாயில் சூடு வாங்கியவர்கள், முட்டி உடைந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். சொல்லி அழுதபின் அவர்களுக்குத் தூக்கம் வருகிறதாம்.

போன ஞாயிறு அஞ்செட்டியில் கூடினோம். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் சின்னம்மா மகள் திம்மி கேட்டாள்:

"என்னண்ணா, எல்லார் வாயையும் புடுங்கறே. உன் வாய்க்கு என்ன பூட்டா? சாவி தொலைஞ்சிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னேன், மாதா.

பசியில் நீ நம் பேச்சில் அம்மாவைக் கூப்பிட்டாய். வார்டன் உன் முடியைப் பிடித்துத் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் மோதினான். மூன்றாம் முறை நீ கத்தவில்லை. விடிந்ததும் கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். என் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கி, "ஓடிட்டான்னு சொல்லு. இல்லே, பக்கத்துலயே உனக்கும் குழி" என்றான் வார்டன்.

அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். வளர்ந்த பிறகும், அவள் சாகும்வரை அதையே சொன்னேன்.

திம்மி எழுந்து வந்து அறைந்தாள். என் உதடு கிழிந்தது.

"பெரியம்மாகூட நான் காடு காடா சுத்துனேன்டா! முள்ளு கிழிச்சு ரத்தம் ஒழுக, 'மாதா, மாதா'ன்னு கத்துனாடா. குழி தெரிஞ்சும் சோறு தின்னியா?"

தின்றேன். வேறென்ன சொல்ல?

யாரோ டேப்பை நிறுத்தப் போனார்கள். திம்மி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "ஓடட்டும். குழி எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி, எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். மனசு லேசானதா என்று ஒருவர் கேட்டார். ஆகவில்லை. ஆகவும் வேண்டாம். உன்னிடம் மன்னிப்பும் கேட்கமாட்டேன்.

செத்தவருக்குக் கல் நடுவது நம் வழக்கம். ஓடிப்போனவனுக்கு யார் நடுவார்? என் பொய்யால் உனக்குக் கல்கூட இல்லை. திங்களன்று நானும் திம்மியும் பள்ளிக்குப் போய்க் கேட்டோம். "பழைய கதை, பெரியவரே. இங்கெல்லாம் கல் நடக்கூடாது" என்றார் இப்போதைய தலைமையாசிரியர். காவலாளி என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான்.

நாளை கடப்பாரையோடு போகிறோம். கிணற்றுக்குப் பின்னால் உன் கல் நிற்கும். பிடுங்கினால் மறுபடி நடுவேன். என் கையை முறித்தால் திம்மி நடுவாள்.

அம்மாவிடம் பொய் சொன்ன உன் அண்ணன்,
சித்தன்