ஒரே யோசனைக்கு நாலு சேவல்

அன்பு மகள் ரெத்னானிங்குக்கு,

சுரபாயாவுக்கு வரும் கப்பல்களையெல்லாம் சுண்டுவிரலால் தூக்கி நிறுத்துகிற உன் பெரியப்பா விக்ஞோ எழுதுவது. மகஸ்ஸாரில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? இங்கே வெயில் கொஞ்சம் கூடுதல். முற்றத்தில் காயப்போட்ட மீன் பெரியம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் வறுவலாகிவிட்டது. அவள் நலம். நான் சாப்பிடுகிற சாப்பாட்டை நம்பி எங்கள் தெரு அரிசிக்கடைக்காரர் இரண்டாவது மாடி கட்டுகிறார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்ததும் ஏதாவது வேடிக்கை பேசி மழுப்பிவிடுவேன். கையில் பேனா இருந்தால்தான் எனக்கு நேராக யோசிக்க வரும். அது உனக்கே தெரியும்.

என் வேலை நோட்டு நினைவிருக்கிறதா? வலது பக்கம் நான் ஒரு யோசனை சொல்வேன். இடது பக்கத்தில் நானே அதைக் கிழித்துத் தோரணம் கட்டுவேன். சண்டையில் யோசனை பிழைத்துவிட்டால் ஓரத்தில் ஒரு சேவல் வரைவேன். பழுதுபார்க்க வரும் கப்பல், துறைத் தொட்டிக்குள் நுழைந்து தண்ணீரை இறைத்ததும் நான் அடுக்கச் சொன்ன மரக்கட்டைகளின்மேல்தான் உட்கார வேண்டும். எந்தக் கட்டை எங்கே என்பதை அந்த நோட்டில் சண்டைபோட்டுத்தான் இத்தனை வருடமும் முடிவுசெய்தேன்.

அடுத்த வியாழக்கிழமை லொம்போக் தீவுக்கு ஓடும் பழைய பயணிகள் கப்பல் வருகிறது. பின்பக்கம் யானைக் கனம். நேற்றுக் காலை முழுக்க எழுதி எழுதிப் பார்த்தேன். நடுக்கட்டைகளைப் பின்னுக்கு நகர்த்தினால் போதும் என்று பளிச்சென்று பட்டது. இடது பக்கத்துக்காரனை வாய் திறக்கவே விடவில்லை. உலகத்துக் கப்பல்களெல்லாம் எழுந்து கைதட்டியது போலிருந்தது. சேவலை வரைந்துவிட்டுக் கட்டை அடுக்கும் மேஸ்திரி தோஹிரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அண்ணே, என்னைய வெச்சு வெளையாடுறீங்களா? திங்கக்கெழமையும் இதத்தானே சொன்னீங்க? பாதிக் கட்டைய நகத்துனப்புறம் நீங்களே வந்து, எந்த மடையன்டா இப்பிடி நகத்தச் சொன்னான்னு கத்துனீங்களே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு கிரேனுக்குப் பின்னால் போய் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அதே படம், அதே வரிகள், அதே சேவல். அதற்கு முந்தைய பக்கங்களிலும் அப்படியே. மொத்தம் நாலு சேவல், ரெத்னா. நாலு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்த சந்தோஷம். முதல் சேவலுக்கு எதிரே, அது ஏன் கூடாது என்று பிறகு எழுதிய காரணமும் என் கையெழுத்திலேயே இருந்தது: "அந்த இடத்தில் அடித்தகடு துருவில் மெலிந்திருக்கிறது. கட்டை உள்ளே குத்தும். கீழே ஆள் துரு சுரண்டிக்கொண்டிருப்பான்." அந்த ஆள் தோஹிராகத்தான் இருப்பான்.

பெரியம்மாவிடம் சொன்னேன். "வயசானா எல்லாருக்கும் வர்ற மறதிதான். ஏலக்கா டீ போடவா?" என்றாள். குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

மேலாளர் மார்த்தினா அம்மாவிடம் சொல்லி வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். மறக்கக் கூடாதே என்று அதையும் நோட்டில் எழுதப் போனேன். "இன்றே மேலாளரிடம் சொல். விலகிக்கொள்." ஏற்கெனவே எழுதியிருந்தது. ஒரு பக்கத்தில் நீல மை. இன்னொரு பக்கத்தில் பென்சில். அடியில் கோடு வேறு. எதுவும் எனக்கு நினைவில்லை.

இதைத் தபாலில் போடாமல் மகஸ்ஸார் கப்பலின் சமையல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை மறுநாள் உனக்குக் கிடைத்துவிடும். மார்த்தினா அம்மாவின் எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். வியாழனுக்குள் நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடம்மா. சொன்னதும் நான் உன்னிடம் போனில் கத்துவேன். எவன் உனக்கு இப்படிச் சொன்னான் என்று கேட்பேன். மனதாரத்தான் கேட்பேன். அப்போது என் பேச்சை நம்பாதே. இந்தக் கையெழுத்தை நம்பு.

நீ யோசித்ததெல்லாம் உன்னோடு தங்கட்டும், மகளே.

உன் பெரியப்பா,
விக்ஞோ