சாயங்காலம் தொங்குற கண்ணு

8.2.99 திங்கள்

காலையில பனி. தறி லேட்டா ஆரம்பிச்சோம். உளுந்து ஊறப்போட மறந்துட்டேன்.

இவரு காலையில ஒழுங்காத்தான் நெய்யறாரு. மத்தியானத்துக்கு மேல இடது கண்ணு இமை தொங்கிப்போவுது. பேச்சு மூக்கால வருது, கொழகொழன்னு. இன்னிக்கு ஊடநூலு ஓட்டற நாடா கையிலேர்ந்து நழுவி தறிக்குழியில வுழுந்துது. கேட்டா தூக்கமாம். எங்கப்பாவும் தூக்கம்னுதான் சொல்லுவாரு. செத்தப்பறம்தான் தெரிஞ்சுது எவ்ளோ குடிச்சிருந்தாருன்னு.

பக்கத்துல போயி வாய மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. நாத்தமே வராத சரக்குகூட இருக்குதாம், எதிர்வூட்டு மல்லிகா சொல்றா. இவளுக்கு எப்படித் தெரியும்?

9.2.99 செவ்வாய்

பாதி சோறு தட்டுலயே மிச்சம். சோத்த மென்னுக்கினே இருந்தா தாடை வலிக்குதாம். கேட்டுக்க ஆள் இருந்தா எதையும் சொல்லலாம். வெளிய எங்கியோ தின்னுட்டு வர்றாரு.

பாத்த இடம்: சட்டைப் பை. பரண். தறிக்குழி. அரிசி மூட்டைக்குப் பின்னாடி. ஒரு பாட்டிலும் இல்ல. கெட்டிக்காரன்.

எங்களுது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேற நாடா. அவரு உடல நெய்ய நெய்ய, நான் பக்கத்துல உக்காந்து கரைய கோத்துக்கினே போவணும். ஒருத்தர் தூங்கினாலும் கரை தனியா, உடல் தனியா நிக்கும். இன்னிக்கு சாயங்காலம் நெய்ஞ்சத ஒரு விரக்கடை அவுத்தோம்.

11.2.99 வியாழன்

வெயில் ஏறிடுச்சு. கேஸ் புக் பண்ணணும்.

சாயங்காலம் ஆனா "கோயிலுக்குப் போயிட்டு வரேன்மா". வெள்ளிக்கிழமைகூட கோயிலுக்குப் போவாத மனுசன்! திரும்பி வர்றப்ப கண்ணு நல்லா தெறந்திருக்குது. பேச்சும் கொஞ்சம் தேவல. அதான் பயமா இருக்குது. அப்பாவுக்கு ஒரு வாய் உள்ள போனாத்தான் கை நடுக்கம் நிக்கும். இவரும் அந்த நெலைமைக்கு வந்துட்டாரா.

12.2.99 வெள்ளி

சோடாக்கடை பாய் கூப்ட்டு சிரிக்கறாரு: "என்னாம்மா, வூட்டுல ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி வெக்கக் கூடாதா? உன் வூட்டுக்காரரு தெனம் ஐஸ் கேட்டு வந்து நிக்கறாரு."

"சோடா வாங்கறாரா?"

"ஐஸ் மட்டும்தான்."

ஐஸ் மட்டும். அப்ப சரக்கு வேற எடத்துல இருக்குது. போதும். அம்மா வூட்டுக்குப் போவ பைய எடுத்து வெச்சேன். நாளைக்குக் கையும் களவுமா புடிச்சிட்டுக் கெளம்பறேன்.

13.2.99 சனி

முக்காடு போட்டுக்கினு பின்னாடியே போனேன். கோயில் குளத்துல கடைசிப் படி. தனியா. பாட்டிலும் இல்ல, கூட்டாளியும் இல்ல. ஐஸ துண்டுல சுத்தி கண்ணு மேல வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு.

துண்டப் புடுங்கினேன். கண்ணு நல்லா தெறந்திருந்துது.

"ஐஸு வெச்சா தூக்குது. கொஞ்ச நேரத்துல மறுபடி வுழுந்துடுது. கண்ணு போவுது போலக்குதுமா."

"நீ குடிக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்யா."

"தெரியும். நெனச்சிக்கட்டும்னு வுட்டேன். குருடன்னு தெரிஞ்சா முதலாளி குடுத்த பாவு நூலத் திருப்பி எடுத்துக்குவாரு, தறி நின்னுடும். குடிகாரன்னா திட்டிட்டு வுட்டுடுவாரு."

அந்தப் படியிலேயே உக்காந்து அழுதேன். கோவமா துக்கமான்னு எனக்கே தெரியல.

18.2.99 வியாழன்

மெட்ராஸ், பெரியாஸ்பத்திரி. பஸ்ஸுல கூட்டம். பொம்பள டாக்டரு, சின்ன வயசு. ஐஸ் கதையக் கேட்டு சிரிக்கல, நோட்டுல எழுதிக்கினாங்க. ஒரு ஊசி போட்டாங்க. நான் இவரு மூஞ்சியவே பாத்துக்கினு நின்னேன். இமை தானா மேல ஏறுது. மருந்தா மாயமான்னு ஒரு சந்தேகம்.

டாக்டர் சொன்னது, மறக்கறதுக்குள்ள: நரம்போட முனையிலேர்ந்து ஒரு ரசாயனம் வருதாம், அசிடைல்கோலின். தசையில அத வாங்கிக்கற எடத்துக்கு ரிசப்டார்னு பேரு. வாங்கினாத்தான் தசை வேல செய்யும். இவரு ரத்தம் அந்த ரிசப்டார எல்லாம் எதிரின்னு நெனச்சி அடைக்குது, அழிக்குது. மிச்சம் இருக்கறத வெச்சி காலையில ஓட்டறாரு, வேல செய்யச் செய்ய ஓஞ்சிடுது. மாத்திர போட்டா அந்த ரசாயனம் சீக்கிரம் கரையாம கொஞ்ச நேரம் நிக்குமாம். ஐஸும் அதே வேலையத்தான் செஞ்சிருக்குது. நெஞ்சுல ஒரு சுரப்பி இருக்குதாம், அதையும் படம் புடிச்சிப் பாக்கணும்.

நாந்தான் சந்தேகப் பிராணின்னு நெனச்சேன். இவரு உடம்பு எனக்கு மேல.

போற நேரத்துல டாக்டர் என்னைய தனியா நிறுத்தினாங்க. "மூச்சு வுடறதும் தசைதாம்மா. சளி, ஜுரம் வந்தா உஷாரா இருங்க. ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணச் சொல்லுங்க. எண்ணிக்கை கொறைஞ்சா ஒடனே கூட்டினு வந்துடுங்க. வேற எந்த மாத்திரையும் கேக்காம குடுக்காதீங்க."

2.3.99 செவ்வாய்

சாப்பாட்டுக்கு முன்ன மாத்திர. சோறு முழுசா உள்ள போவுது. கரை நேரா வருது. தெனம் எண்ணச் சொல்றேன், நாப்பதத் தாண்டறாரு. எனக்கு போலீஸ்காரின்னு பேரு வெச்சிருக்காரு. வெச்சிக்கட்டும்.

9.3.99 செவ்வாய்

இவருக்கு சளி. ஜுரம் லேசா. தறியில உக்காராதேன்னா கேக்கல. கல்யாணப் புடவையாம், முந்தானை மட்டும்தான் பாக்கியாம்.

எண்ணினாரு. நாப்பது. எனக்கு மனசு ஒப்பல.

10.3.99 புதன்

காலையிலேர்ந்து இருமல். அப்பவும் தறியிலதான் உக்காந்திருக்காரு. எண்ணச் சொன்னேன். சொவத்துப் பக்கம் திரும்பிக்கினு எண்ணறாரு. இன்னிக்கும் நாப்பது. ஜுரத்துலயும் அதே நாப்பதா?

முதுகுல கைய வெச்சி மறுபடி எண்ணச் சொன்னேன். இத்தன வருசமா பக்கத்துல உக்காந்து கோர்வை போடறவ, எனக்கு அவரு மூச்சு தெரியாதா. பத்துல ஒரு மூச்சு திருடினாரு. பதினாறுல ஒண்ணு. அதுக்கு மேல நான் எண்ணல.

"எத்தன நாளா இப்படி?"

"முந்தானை... முடிச்சிட்டு..."

மல்லிகா ஆட்டோவுக்கு ஓடியிருக்கா. நாடாவ அவரு கையிலேர்ந்து புடுங்கினேன். திட்டுவாருன்னு பாத்தேன். திட்டறதுக்கு மூச்சு இல்ல. ஆட்டோ வந்துடுச்சு