உன்ரை கடைசி டைம் அவுட்டை வசந்தி எடுத்திட்டாள்

என்ரை ஆசை மச்சான் குணம்,

சுற்றுப்போட்டி மலருக்கு உன்னைப் பற்றி ஒரு அஞ்சலி எழுதித் தரச்சொல்லி மலர்க்குழு ரெலிபோன் எடுத்தது. "பண்பாளர், பயிற்றுநர், சமூக சேவையாளர் எண்டு வடிவா எழுதுங்கோ அண்ணை" எண்டினம். நீ பண்பாளன் எண்டு நான் எழுத, வாசிக்கிறவை விழுந்து விழுந்து சிரிக்க, எனக்கேன் அந்த வேலை? உன்ரை வாயை இஞ்சை எல்லாருக்கும் தெரியும். அதாலை நேரை உனக்கே எழுதுறன், மற்றவை வாசிச்சால் வாசிக்கட்டும்.

பள்ளிக்கூடங்களின்ரை பேர் எழுத வேண்டாமாம், சண்டை வருமாம். சரி. உங்கடை கல்லூரி பச்சை, எங்கடை கல்லூரி நீலம். யாழ்ப்பாணத்திலை ஒரே றோட்டிலை இருந்துகொண்டு பாஸ்கற்போலிலை அடிபட்டது காணாதெண்டு, அகதியா வந்த ஜெர்மனியிலையும் வருசத்துக்கொருக்கா கொலோன் ஹோல் ஒண்டிலை பழைய மாணவர் எண்டு அடிபடுறம். இப்ப பாதிக்குப் பாதி எங்கடை பிள்ளையள்தான் விளையாடினம். தேப்பன் படிச்ச கல்லூரிக்குத்தான் மகன் இறங்கலாம், அதுதான் சட்டம்.

உனக்கு இப்ப வேண்டியது ஒண்டுதான் எண்டு எனக்குத் தெரியும். இந்த வருசம் ஆர் வெண்டது? பொறு மச்சான். நான் என்ரை முறையிலைதான் சொல்லுவன்.

நீ அமெரிக்க ஆமிக் காம்பிலை குசினி வேலை செய்த காலம் ஞாபகம் இருக்கோ? அங்கத்தைப் பொடியளிட்டை வாங்கி வந்த வீடியோக் கசெற்றிலைதான் நாங்கள் முதல்முதல் அமெரிக்கக் கல்லூரிச் சுற்றுப்போட்டி பாத்தது. தோத்தால் அண்டைக்கே வீடு, ரண்டாம் சந்தர்ப்பம் இல்லை. எனக்கு விளையாட்டுப் பிடிச்சது. உனக்குப் பிடிச்சது அந்தக் கோச்மார். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தி, கதிரையை உதைஞ்சு, றெஃபறியோடை கொழுவுற ஆக்கள். அடுத்த வருசமே எங்கடை போட்டியையும் தோத்தால் வீடு எண்டு மாத்துவிச்சாய். ஆனி மாத வெக்கையிலை கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு பச்சைக்குக் கோச்சா வந்து நிண்டாய்.

நிண்டு என்ன? நெடுகத் தோத்தாய். ஏன் எண்டு நான் உனக்கு உயிரோடை இருக்கேக்கையே சொன்னனான், இப்பவும் சொல்லுறன். உனக்கு ஒரே ஒரு மந்திரம்தான்: பந்து உள்ளுக்குப் போகவேணும். நெடுவல் ரூபன் கூடைக்குக் கீழை நிப்பான், அவனிட்டைக் குடு, அவன் போடுவான். வெளியிலை நிண்டு எறிஞ்சவனுக்கு அடுத்த வருசம் இடமில்லை. இதை ஊருலகம் முழுக்க அறியும். மற்றது, ஆட்டத்தை நிப்பாட்டிப் பொடியளோடை கதைக்கிற அந்தக் கடைசி டைம் அவுட். இறுதி நேரத்துக்கு எண்டு பொத்திப் பொத்தி வைச்சிருப்பாய். இறுதி நேரம் வந்தால் கத்துற கத்திலை அதை மறந்துபோவாய். விசில் ஊதின பிறகுதான் தலையிலை அடிப்பாய்.

பிறகு எங்கடை வழக்கம். இறுதியாட்டத்திலை தோத்த கல்லூரி பனங்கிழங்கு மாவிலை நண்டும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சி, வெண்ட கல்லூரிக்குத் தன்ரை கையாலை ஊத்தவேணும். வருசா வருசம் நீ ஊத்தினாய், நான் குடிச்சன். பெரிய நண்டுக்காலாப் பாத்து என்ரை கோப்பையிலை போட்டு, "தின்னடா, தின்னு. வாற வருசம் நான் இருந்து குடிக்க நீ ஊத்துவாய்" எண்டுவாய். நான் சிரிப்பன்.

மாசி மாதம் நீ வேலைக்குப் போற வழியிலை பஸ் தரிப்பிலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனியாம். பிறகு எழும்பேல்லை.

அதுக்குப் பிறகு உன்ரை பச்சை சரிஞ்சுபோச்சு. ஒருத்தன் கனடாவுக்குப் போயிட்டான், இன்னொருத்தனுக்கு முழங்காலிலை ஒப்பிரேசன். மிஞ்சினது நாலு பேர், இறங்க ஐஞ்சு பேர் வேணும். "குணம் அண்ணை இல்லாமல் என்னத்துக்கு? விலகுவம்" எண்டு முடிவெடுத்திட்டினம். போட்டியிலை நாலு கல்லூரிக்குத்தான் இடம், விலகினால் அந்த இடம் போச்சு. வெளியிலை வேறை பள்ளிக்கூடங்கள் வரிசையிலை நிக்குதுகள். ஒருக்கா விட்டால் பச்சை திரும்பி உள்ளுக்கு வராது.

இந்தக் கதை வசந்தியின்ரை காதிலை விழுந்தது. உன்ரை தங்கச்சி, என்ரை மனுசி. உனக்குத் தெரியும்தானே அவளை? என்னோடை இத்தனை வருசம் இருந்தும் ஒருநாள் நீலத்துக்குக் கை தட்டினவளில்லை. அண்டைக்குப் பின்னேரம் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவள் கத்தியை வைச்சிட்டுச் சொன்னாள்:

"அகிலன் பச்சைக்கு விளையாடட்டும்."

எங்கடை அகிலன்! இஞ்சத்தைக் கழகத்திலை விளையாடுறவன், நீலத்தின்ரை முதல் கெட்டிக்காரன், என்ரை மகன். "உமக்கென்ன விசரோ? நான் செத்தாலும் என்ரை மகன் பச்சைச் சட்டை போடமாட்டான்" எண்டு கத்தினன்.

"செத்தது என்ரை அண்ணா" எண்டாள்.

நான் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை வெட்டினன். நீயெண்டாலும் வெட்டியிருப்பாய்.

அகிலனைக் கேட்டால் அவன் தோளைக் குலுக்கிறான். "மாமாவின்ரை ஆக்களுக்கு ஆள் இல்லையெண்டால் நான் விளையாடுறன். ஆனா அப்பா, உங்கடை ரீம் எண்டு நான் மெதுவா விளையாடமாட்டன், சொல்லிப்போட்டன்." பிள்ளை வளர்த்த வடிவைப் பார்!

ஆனாச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கே? போட்டிக் குழுவின்ரை கூட்டத்துக்கு அவள் போனாள். நானும் போனன், நிப்பாட்டலாம் எண்டு. "தங்கச்சி, தேப்பன்ரை கல்லூரி எண்டுதான் யாப்பிலை கிடக்கு. மாமன்ரை கல்லூரிக்கு ஏலாது" எண்டு தலைவர் சொன்னார். வசந்தி குரலை உயர்த்தேல்லை. "அண்ணை, போன வருசம் உங்கடை மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு. கனடாவிலையிருந்து தாய்மாமன் வரப் பிந்துமெண்டு ஹோல் எடுத்த திகதியையே மாத்தினனீங்கள். தோளிலை தூக்க, தண்ணி வாக்க, மாலை போட மாமன் வேணும். மாமன் செத்தால் அவன்ரை சட்டையைப் போட மருமகனுக்கு உரிமை இல்லையோ?"

தலைவர் உபதலைவரைப் பாக்கிறார், உபதலைவர் நிலத்தைப் பாக்கிறார். எந்தத் தமிழன் இல்லையெண்டுவான்? இஞ்சத்தை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரிலை அகிலனைத் தோளிலை வைச்சுக் காட்டினது நீ எண்டு அந்த அறையிலை பாதிப்பேருக்குத் தெரியும். அப்பிடியே சட்டம் மாறினது. ஐஞ்சாவது ஆள் வந்திட்டான்.

கோச் ஆர் எண்டு கேக்கிறாய். ஆரைப் போடுறது? பொடியள் தங்களுக்குள்ளை முணுமுணுத்துக்கொண்டு நிக்க, வசந்தி போய்ப் பக்கத்திலை நிண்டாள். "அக்கா, நீங்கள் சும்மா இருங்கோ, நாங்கள் பாப்பம்" எண்டான் ரூபன். "சும்மா இருக்கிறதெண்டால் நான் வீட்டிலை இருந்திருப்பன்" எண்டாள். அதோடை அவள்தான் கோச். உனக்குப் பின்னாலை வாங்கிலை இருந்து வருசக்கணக்கா உன்ரை கத்தலைக் கேட்டவள் எல்லோ!

போட்டியண்டு ஜெர்மனி முழுக்க உதைபந்தாட்டம், உலகக் கிண்ணம். காரெல்லாம் கொடி. ஹோல் காவலாளி சின்ன ரீவியை வைச்சுக்கொண்டு எங்களைத் திரும்பியும் பாக்கேல்லை. எனக்கு ஒரு பயமும் இல்லை மச்சான். சீட்டுக் குலுக்கி ஆரோடை ஆர் எண்டு விழுந்த உடனையே நான் எல்லாம் சொல்லிப்போட்டன். வடமராட்சிப் பொடியள் முதல் பாதியிலை பேயோட்டம் ஓடுவாங்கள், பிறகு மூச்சு வாங்கும், நீலம் வெல்லும். பச்சை, லண்டனிலையிருந்து ஆள் இறக்கிற கூட்டத்திட்டை அடிவாங்கும். முதலாவது அப்பிடியே நடந்தது. ரண்டாவதிலை லண்டன் பொடியள் ஆளாளுக்குத் தான்தான் ராசா எண்டு விளையாடிச்சினம், ஒருத்தனும் பந்து குடுக்கேல்லை. பச்சை வெண்டிட்டுது. அந்த ஒண்டுதான் எனக்குப் பிழைச்சது எண்டு நினைச்சன்.

இறுதியாட்டம் பச்சையும் நீலமும். வேறையென்ன?

எங்கடை கோச் பொன்னையா மாஸ்டரை உனக்குத் தெரியும். கத்தமாட்டார், கையைக் கட்டிக்கொண்டு நிப்பார், ஆனாக் கணக்குப் பிழைக்காது. நான் அவரின்ரை காதுக்குப் பின்னாலை. எதிர்ப்பக்கம் கோச்சின்ரை கதிரையிலை உன்ரை கோட்டைப் போட்டிட்டு வசந்தி நிண்டுகொண்டிருந்தாள். இருக்கவேயில்லை. "மாஸ்டர், இப்ப உள்ளுக்குப் போகும்" எண்டுவன், போகும். "இப்ப ரூபன் இடப்பக்கம் திரும்புவான்" எண்டுவன், திரும்புவான். உன்ரை விளையாட்டு எனக்கு உள்ளங்கை மாதிரி. அகிலன் ஓடியோடி நல்லா விளையாடினான். வெளியிலையிருந்து ஒருக்காலும் எறியேல்லை. அதைப் பாத்து உள்ளுக்குள்ளை சிரிச்சன். பச்சைச் சட்டை போட்டதும் பெடியனுக்குப் பச்சைப் புத்தி வந்திட்டுது.

கடைசி நிமிசம். நீலம் ஒரு புள்ளி கூட. பந்து அவையளிட்டை. அவளுக்கு இன்னும் ஒரு டைம் அவுட் மிச்சம் கிடக்கு. "பாருங்கோ மாஸ்டர், தமையன் மாதிரித்தான், அதைப் பிறிட்ஜிலை வைக்கப் போறாள்" எண்டு சொல்லி நான் வாய் மூடேல்லை, வசந்தி ரண்டு கையையும் தூக்கி ஒண்டின்மேலை ஒண்டு வைச்சுக் காட்டினாள். றெஃபறி விசில் ஊதினான். பாக்க வந்த பச்சை ஆக்கள் அத்தினைபேரும் எழும்பி நிண்டினம். அந்த டைம் அவுட்டை அவை எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தவை!

அவள் பொடியளைக் கிட்டக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். ரூபன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் திரும்பவும் சொன்னாள். இஞ்சாலை நான் மாஸ்டரைப் பிடிச்சுக்கொண்டன். "ரூபனிட்டைத்தான் போகும். அவனிலை ரண்டு பேரைப் போடுங்கோ. எழுதித் தாறன்."

"அப்ப உன்ரை மகனை ஆர் பிடிக்கிறது?"

"அவன் எறியமாட்டான் மாஸ்டர். குணத்தின்ரை ரீமிலை எறியேலாது."

பந்து உள்ளை போனது. ரூபனிட்டைத்தான் போனது. எங்கடை ரண்டு பேரும் அவனிலை விழுந்தாங்கள். நான் கையைத் தட்டத் தூக்கினன். ரூபன், அந்த நெடுவல், வாழ்க்கையிலை ஒருத்தனுக்கும் பந்து திருப்பிக் குடுக்காதவன், குனிஞ்சு வெளியிலை தள்ளிவிட்டான். மூலையிலை அகிலன் தனிய நிண்டான், பக்கத்திலை ஒரு ஈ காக்கா இல்லை. எறிஞ்சான்.

"போட்டான்ரா!" எண்டு ஒரு சத்தம். ஆர் கத்தினது எண்டு திரும்பிப் பாத்தால், ஹோலே என்னைப் பாக்குது. நான்தான் மச்சான். நீலச் சட்டையோடை, ரண்டு கையும் மேலை. பொன்னையா மாஸ்டர் என்னை ஒரு பார்வை பாத்தார். பச்சை வெண்டிட்டுது. கேட்டியோ? வெண்டிட்டாயடா!

பிறகென்ன, கூழ். ஏப்பிரனைக் கட்டிக்கொண்டு நான்தான் கிடாரத்துக்குப் பக்கத்திலை நிண்டன். கோப்பையோடை வசந்தி வந்தாள். "டைம் அவுட்டிலை என்னப்பா சொன்னனீர்?" எண்டு கேட்டன்.

"அண்ணா உள்ளுக்குக் குடுக்கச் சொல்லுவார் எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதை மாஸ்டருக்குச் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். உங்களை நம்பித்தான் வெளியிலை குடுக்கச் சொன்னனான்" எண்டாள்.

எப்பிடி இருக்கு உன்ரை தங்கச்சியின்ரை கொழுப்பு? ரண்டு பேரும் சிரிச்சம். சிரிச்சுக்கொண்டு நிண்டவள், "வெளியிலை எறியவிட்டதுக்கு அண்ணா என்னைக் கிழிச்சிருப்பார், என்னப்பா?" எண்டு சொல்லி அப்பிடியே அழத்தொடங்கினாள். அகப்பையை வைச்சிட்டு நானும் அழுதன். எனக்கு என்ன வெக்கம்? செத்தவீட்டிலை நீ போனது எனக்கு வடிவாப் பிடிபடேல்லை. கூழ் ஊத்த நான் நிக்கிறன், வாங்கிக் குடிக்க நீ இல்லை எண்டேக்கைதான் உறைச்சது. இத்தனை வருசம் நீ எனக்கு ஊத்தினாய். எனக்கு ஒருக்கா வாய்ச்சது, நீ பாக்க இல்லை.

அகிலன் வந்து, "அப்பா, மாமாவுக்கு?" எண்டான். ஓம், அதுதான் சரி. முதல் கோப்பையை நான் ஊத்தினன். நண்டிலை இருந்த பெரிய காலாப் பாத்துப் போட்டன். கொண்டுபோய்க் கதிரையிலை கிடந்த உன்ரை கோட்டுக்கு முன்னாலை வைச்சன். "தின்னடா, தின்னு" எண்டன்.

கேள் மச்சான். மகனைத் திருப்பித் தா எண்டு நான் கேக்கமாட்டன், இது சத்தியம். அவன் பச்சைக்கே விளையாடட்டும், உன்ரை இடம் இனிப் போகாது. ஆனா வாற வருசம் நீலம்தான். நீ என்ன செய்வாய் எண்டு யோசிச்சுத்தான் நான் தோத்தன். இனி உன்ரை தங்கச்சி என்ன செய்வாள் எண்டு யோசிக்கிறன், வீட்டிலையே வைச்சுப் படிக்கிறன், எனக்கு அது பெரிய வேலையில்லை. வாற ஆனியிலை எங்களுக்குக் கூழ் ஊத்தப்போறது உன்ரை மருமகன். அப்பவும் உன்ரை கோப்பை முதல் நிரம்பும்.

இப்பிடிக்கு,
பச்சைக்காரன் ஒருத்தன்ரை தேப்பன்,
உன்ரை மச்சான் சிவம்