திருப்பிச் சொன்னால்தான் சேர்ந்த மாதிரி

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குட்டி ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வாந்தி நின்றதா, இன்னும் வெறும் வயிற்றில் காபி குடிக்கிறாயா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். போனில் அப்பா என்று நான் வாயைத் திறந்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நடுவில் வெட்ட முடியாது பார், முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பாவுக்கு உன்மேல் கோபம் என்று நீ முடிவே கட்டிவிட்டாய். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று அவர் சொல்லியும் நீ போனது அவர் மனதில் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் பிள்ளை உண்டாகியிருப்பதை எனக்குக்கூடச் சொல்லாமல் முதலில் அவரிடம் சொன்னபோது, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனை என் கையில் திணித்துவிட்டார் என்று அண்ணனிடம் சொல்லி அழுதாயாம். அன்றிலிருந்து அவரைக் கூப்பிடச் சொல்வதே இல்லை. போன வாரம் பிரசவத்துக்கு நாங்கள் வர வேண்டாம் என்றும், நீங்கள் இரண்டு பேருமே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாய். சின்னு, அப்பாவுக்குக் கோபம் இல்லை. அவருக்குக் காது கேட்கவில்லை. நேரில் என்றால் எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவார், யாருக்கும் தெரியாது. போனில்தான் மாட்டிக்கொள்வார். நீயோ வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸும் லாரியும் இரைகிற ரோட்டில் நடந்துகொண்டேதான் எங்களோடு பேசுகிறாய்.

காது போனதும் சும்மா போகவில்லை. கல்யாணமான புதிதில் அவர் ராணுவத்தில், செய்தித் தொடர்பு பார்க்கிற சிக்னல்ஸ் பிரிவில் லெப்டினன்ட். டெலிபோன் கம்பிச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு ஆட்களோடு ஆளாக மலை ஏறுவார். லைன் அறுந்துபோனால் கம்பியை விரலுக்கிடையில் ஓடவிட்டுக்கொண்டே நடந்து, மாடு கடித்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டு வருவார். அப்புறம் வயர்லெஸ். கூடாரத்துக்கு வெளியே ஜெனரேட்டர், உள்ளே காதில் ஹெட்போன், அதில் எந்நேரமும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஒரு மனுஷனின் குரலைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. ஊர் உலகமெல்லாம் பேசிக்கொள்ளக் கம்பி கட்டின மனுஷன், வீட்டுக்கு வந்தால் வார்த்தைக்கு வரி போட்டிருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். நானும் சுவரோடு பேசிப் பேசிப் பழகிவிட்டேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. அப்போது அவர் கேப்டன். பெரிய வெள்ளம், ஜனங்களை மீட்க இவர்களை அனுப்பியிருந்தார்கள். பழைய பாலத்தில் வண்டியை விடாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள் என்று மேலிடத்திலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஆபரேட்டருக்கு மழை இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அந்தப் பக்கம் இருந்த அதிகாரி எரிந்து விழுந்தார். மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கிடைத்தது என்று சொல்லிவிட்டான். வண்டி பாலத்தில் ஏறியது, பாலம் இடிந்தது, டிரைவருக்கு ஒரு கால் போய்விட்டது. விசாரணையில் அப்பா, அவன் நான் பழக்கின ஆள், பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவருக்குக் கீழே இருந்தவர்களெல்லாம் அவரைத் தாண்டி மேலே போனார்கள். நான் வீட்டில் போடாத சண்டை இல்லை. கர்னல் ஆனபோது தலை முழுக்க நரைத்திருந்தது.

அதற்கப்புறம் எந்த கேம்ப்புக்கு மாற்றினாலும் முதல் நாளே அவர் போடுகிற சட்டம் இதுதான். வந்த செய்தியை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் கிடைத்தது என்று வாயைத் திறக்கவே கூடாது. அந்தச் சட்டம் நம் வீட்டுக்கும் வந்தது, உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது அவர் சொன்னதை நீ வாசலில் நின்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பு போட வேண்டும். அண்ணன் உன்னைக் கிளிப்பிள்ளை என்று கேலி செய்ய, நீ அவன் முதுகில் பையால் ஒன்று போடுவாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ போன் செய்தபோது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தால் மனுஷன் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், அந்தக் காலத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாரே, அதே முகம். என்னைப் பார்த்ததும் அம்மாகிட்ட பேசு என்று கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நீ சொன்ன சந்தோஷத்தில், அவர் ஏன் அப்படிப் போனார் என்று நான் யோசிக்கவே இல்லை. அப்புறம் போய் நல்ல செய்தி என்று நான் சத்தம் போட்டுச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீ சொன்னது அவர் காதில் விழவே இல்லை என்று அப்போதுதான் புரிந்து எனக்குக் கோபம் வந்தது. திரும்பக் கேட்டால் மானம் போகாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தினீர்களே, பெற்ற பெண்ணிடம் இன்னொரு தரம் சொல்லும்மா என்று கேட்க உங்களுக்கு என்ன கேடு என்றேன். "அவ அழறாளா சிரிக்கறாளான்னே எனக்குத் தெரியல. அது தெரியாம நான் என்னன்னு வாயத் திறப்பேன்?" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். உன்னிடம் இதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன், கூடாது என்றுவிட்டார். கர்னலுக்குக் காது போச்சாம் என்று பெண் பரிதாபப்படக் கூடாதாம், வீம்பு.

ஆனால் பிரசவத்துக்கு வர வேண்டாம் என்று நீ சொன்னதை நான் அவரிடம் சொன்ன மறுநாள், அவராகவே சட்டையைப் போட்டுக்கொண்டு காது டாக்டரிடம் கிளம்பினார். நானும் கூடப் போனேன். இரண்டு காதிலும் மிஷின் வைத்தாயிற்று. இப்போது தினமும் காலையில் வீட்டில் பயிற்சி நடக்கிறது. நான் சமையலறையில் நின்று என் போனிலிருந்து காய்கறிப் பட்டியல் சொல்ல வேண்டும், அவர் கூடத்தில் நின்று தன் போனில் கேட்டுத் திருப்பிச் சொல்வார். முதல் நாள் வெங்காயம்கூடப் போய்ச் சேரவில்லை, மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் தானே வந்து மாட்டிக்கொண்டார். நேற்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னேன், உருளைக்கிழங்கிலிருந்து கொத்தமல்லி வரை ஒன்று விடவில்லை. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, இப்ப அவளுக்கு எழுது என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு ஆசை. நான் சொல்லித் தெரிந்துகொண்டது கணக்கில் சேராதாம், உன் வாயால் கேட்க வேண்டுமாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ரோட்டிலிருந்து கூப்பிடாதே, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கூப்பிடு. நான் போனைத் தொட மாட்டேன், அவர்தான் எடுப்பார். அவருக்கு எதுவும் தெரியாத மாதிரி அந்தச் செய்தியை முதலிலிருந்து சொல்லு. மெதுவாக, சின்னச் சின்னதாகச் சொல்லி, நிறுத்தி, காத்திரு. அவர் திருப்பிச் சொல்வார். தப்பாகச் சொன்னால் இன்னொரு தரம் சொல்லு, அலுத்துக்கொள்ளாதே. பிரசவத்துக்கு நாங்கள் வருவதா வேண்டாமா என்பதை அப்புறம் அவரிடமே சொல்லிவிடு, நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

படியில் பார்த்து இறங்கு, கனத்தைத் தூக்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, ஞாயிறு காலை. நடுவில் உனக்கு அழுகை வந்தால், அப்பா நான் அழுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழு. அதையும் அவர் திருப்பிச் சொல்லட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா